'பாரிஸ், டெக்ஸாஸ்' கண்ணாடிக் காட்சி: லைட்டிங்கில் எங்கே தப்பு?

பாலைநிழல்:
விம் வெண்டர்ஸின் 'பாரிஸ், டெக்ஸாஸ்' (1984) கடைசிப் பகுதியில் பிரிஞ்சுபோன கணவன் மனைவி டிராவிஸும் ஜேனும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசுவாங்களே, அவனுக்கு அவள் தெரிவாள், அவளுக்கு அவன் தெரியமாட்டான், குறும்படத்துக்கு அதே மாதிரி செட்டப் வேணும். அவன் முகம் அவள் முகத்து மேல விழுற ஷாட்டும் சேர்த்து. கண்ணாடியில் ஒன்வே ஃபிலிம் (ஒரு பக்கம் மட்டும் பார்க்க ஒட்டுற பிரதிபலிப்புத் தாள்) ஒட்டியாச்சு, ஆனா ரெண்டு பக்கமும் மங்கலா ஆள் தெரியுது.

லைட்மீட்டர்:
ஃபிலிம் மேல பழி போடாதீங்க. அது ரெண்டு திசையிலும் ஒரே அளவு ஒளியைத்தான் விடும். வெளிச்சத்தில் இருக்கிறவருக்கு நிலைக்கண்ணாடி, இருட்டில் இருக்கிறவருக்கு ஜன்னல், அவ்வளவுதான். அவள் அறையில் அவன் அறையைவிடக் குறைஞ்சது 8 மடங்கு வெளிச்சம், அதாவது 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ஒளி ரெண்டு மடங்கு) வித்தியாசம் வைங்க. அவன் பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புத் துணி. மானிட்டரையும் கேமராவோட சிவப்பு விளக்கையும் மூடுங்க, இல்லைன்னா அவள் பக்கத்திலிருந்து எடுக்கிற ஷாட்டில் புள்ளி புள்ளியாத் தெரியும்.

ஃபிலிம் எட்டில் ஒரு பங்கு ஒளியை விடுற ரகம்னா அதிலேயே 3 ஸ்டாப் போச்சு. ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) 400 இருந்த இடத்தில் 3200 கேட்கும். அதை ஏத்தாம அவள் அறையில் விளக்கைக் கூட்டுங்க, ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

கறுப்புத்துணி:
முகத்து மேல முகம் விழுற ஷாட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. கேமரா அவன் தோளுக்குப் பின்னாடி. அவன் கண்ணாடியிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருந்தா, பிம்பம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 80 செ.மீ.யில் நிற்கும். அவளையும் அதே 80-ல் உட்கார வைங்க, அளவும் ஃபோகஸும் ஒண்ணா வரும். ஆட்டோஃபோகஸ் ஆஃப். அவன் முகத்துக்கு மட்டும் சின்ன ஸ்பாட், டிம்மரில் மெல்ல ஏத்தணும். கொஞ்சம் வெளிச்சமே தாராளம்.

ஃபிலிம் கேமரா பக்கம், அதாவது அவன் பக்கம் இருக்கணும். மறுபக்கம் இருந்தா கண்ணாடியின் முன்தளமும் லேசாப் பிரதிபலிக்கும், மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு முளைக்கும். அக்ரிலிக் ஷீட் வேண்டவே வேண்டாம். வளைஞ்சு முகம் கோணும்.

மூணாவதுரீல்:
அவள் அறை விளக்கை அணைச்சதும் அவன் லாம்பைத் தன் முகத்துக்குத் திருப்புற இடமும் இதே விதிதான், தலைகீழா. அதனால ரெண்டு அறைக்கும் தனித்தனி டிம்மர் வேணும்.

ஆனா அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துறது கண்ணாடி இல்லை, நாற்காலி. அவளைத் தாராளமாப் பார்க்கலாம். இருந்தும் முதுகைக் காட்டி உட்கார்ந்துதான், ரெண்டு அறையையும் இணைக்கிற போனில் தங்களோட கதையைச் சொல்றான். பின்னால அவளும் அதேபோல் திரும்பிக்கிறாள். படம் தொடங்குற அந்த டெக்ஸாஸ் பாலைவனத்தில்கூட இவ்வளவு தூரம் இல்லை. சுழல் நாற்காலி வேண்டாம், கிரீச்சிடும்.

பாலைநிழல்:
நன்றி. ஃபிலிம் இப்போ அவள் பக்கம் ஒட்டியிருக்கு. உரிச்சா கிழியுமே?

கறுப்புத்துணி:
உரிக்காதீங்க. கண்ணாடியையே கழட்டித் திருப்பி மாட்டுங்க.