ஜெர்மனியில் செமினாரில் வாய் திறக்க முடியவில்லை, உதவுங்கள்

தக்கலைக்காரன். நாகர்கோவிலில் பி.இ. முடித்துவிட்டு, போன அக்டோபரில் டிரெஸ்டனில் மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். பாடம் முழுக்க ஆங்கிலம்தான். ஜெர்மன் பி1 வரை படித்திருக்கிறேன், கடைக்கும் ஆபீசுக்கும் போதும். ஆகவே மொழி பிரச்சினை இல்லை.

செமினாரில் பதினைந்து பேர். பேராசிரியர் கேள்வி கேட்டதும் நெஞ்சு படபடக்கும், தொண்டை வறண்டுவிடும். பதில் தெரியும், கை மட்டும் மேலே போகாது. நம்ம ஊர் வகுப்பில் எழுந்து மறுத்துப் பேசினால் அதிகப்பிரசங்கி. இங்கே பேராசிரியரின் கருத்தையே மறுத்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

மற்றபடி ஆள் ரொம்பவே மாறிவிட்டேன். வீட்டில் தண்ணீர்கூட அம்மாதான் எடுத்துத் தருவார். இப்போது மீன்குழம்பே வைக்கிறேன் (மரச்சீனிக் கிழங்கு மட்டும் கிடைத்தபாடில்லை). காலி பாட்டிலைச் சேர்த்துவைத்து, கடையில் கொடுத்து, வாங்கும்போது கட்டிய முன்பணத்தை 25 சென்ட் வீதம் திரும்ப வாங்குகிறேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டியதையும் தாங்கிவிட்டேன்.

டாண்டம் பார்ட்னரோடு (ஒருவர் மொழியை மற்றவர் பேசிப் பழகும் துணை) வாரம் ஒருமுறை பேசிப் பார்த்தேன், அங்கே சரளம். பேராசிரியரைத் தனியாகச் சந்தித்தபோதும் தடுமாறவில்லை. கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்தும் பார்த்தேன், நான் தயாராவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. கண்ணாடி முன்னால் பேசியது சுத்த வேஸ்ட்.

அடுத்த மாதம் 20 நிமிட உரை இருக்கிறது, அப்புறம் கேள்வி நேரம். அதற்கு மதிப்பெண் உண்டு.

வெளிநாட்டில் படித்த நம்ம மாவட்டத்து அண்ணன்மார், அக்காமாரே, வகுப்பில் முதன்முறை வாய் திறக்க உங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது எது?