நீச்சல் குளத்து இருமல்: உங்கள் பிள்ளைக்கும் உண்டா?

பாளையங்கோட்டை அப்பா

மகளுக்கு 14 வயது. குறுக்குத்துறைப் படித்துறையில் என் அப்பாதான் அவளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஊரிலேயே திறந்தவெளிக் குளத்தில் பயிற்சி. ஒரு நாள்கூட இருமியதில்லை. போன ஜூனில் விடுதியோடு பயிற்சி தருகிற இடம் கிடைத்து வெளியூர் அனுப்பினோம். கூரை போட்ட குளம். உள்ளே நுழைந்ததுமே கண் எரிந்தது. "மருந்து நல்லாப் போட்டு சுத்தமா வச்சிருக்காங்க" என்று வீட்டில் பெருமையாக வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் போனில் பேசும்போதே இருமல். காலைப் பயிற்சி முடிந்து பத்து நிமிஷத்தில் நெஞ்சைக் கட்டுகிறது என்றாள். பயிற்சியாளர், "ஸ்டாமினா பத்தல" என்றார். என் அம்மா, "எளைப்பு நம்ம வம்சத்துலயே கிடையாதேய்யா" என்று தூதுவளைப் பொடியும் பனங்கற்கண்டும் பொட்டலம் கட்டினாள். பொங்கல் லீவுக்கு வந்த நாலாம் நாள் இருமல் போன இடம் தெரியவில்லை. ஆற்றில் ஒரு மணி நேரம் நீந்தியும் ஒன்றுமில்லை. திரும்பிப் போன மூன்றாம் நாள் மறுபடியும் வந்துவிட்டது. தண்ணீரா, காற்றா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர் பம்ப் ரூம்

காற்றுதான் அண்ணாச்சி. வெளியூரில் பதினோரு வருஷமாகக் குளத்துக்கு மருந்து போடுகிறவன் சொல்கிறேன். கண்ணை எரிக்கிற அந்த வாடை சுத்தத்தின் வாடை இல்லை. குளோரின், வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து குளோரமைன் ஆகிறது. அதில் ட்ரைகுளோரமைன் என்ற வகை தண்ணீரில் நிற்காமல் ஆவியாகிவிடும். காற்றைவிடக் கனம் என்பதால் தண்ணீர் மட்டத்தை ஒட்டியே படுத்துக் கிடக்கும். நீந்துகிற பிள்ளை வாயைத் திறக்கிற உயரமும் அதுதானே! நம்ம ஊர்த் திறந்தவெளியில் என்றால் ஆடிக் காற்று ஒரே வீச்சில் அள்ளிக்கொண்டு போய்விடும். கூரைக்குள் கரண்டு மிச்சம் பிடிக்க ஜன்னலை அடைத்து, உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடுவார்கள்.

இன்னொன்று. சொட்டு விட்டால் மஞ்சளாகிற டெஸ்ட் கிட்டைக் காட்டி "குளோரின் சரியா இருக்கு" என்றால் நம்பாதீர்கள். அது நல்ல குளோரினையும் கெட்டுப்போன குளோரமைனையும் சேர்த்தே காட்டும். தண்ணீரில் போட்டால் இளஞ்சிவப்பாக மாறுகிற டிபிடி என்ற சோதனை மாத்திரையில்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குங்கள் என்று போர்டு வைத்தோம். யார் கேட்கிறார்கள்? அவசரத்தில் தலையை நனைத்துக்கொண்டு குதிக்கிறார்கள்.

சிந்துபூந்துறை

அதுக்குத்தான் ஆத்துல குளிங்கன்னு சொல்லுதோம்.

வள்ளியூர் பம்ப் ரூம்

சாக்கடை கலக்கிற இடத்தைத் தாண்டிப் போய்க் குளித்தால் சரி அண்ணாச்சி.

மேலப்பாளையம் லேப்

மூச்சுத்திறன் சோதனை செய்கிற வேலை எனக்கு. நீச்சல் பிள்ளைகள் ஓய்வாக வந்து ஊதினால் பெரும்பாலும் நார்மல் என்று வந்துவிடும், வீட்டில் "நடிக்கிறாளோ" என்ற பேச்சும் கிளம்பும். ஓடவிட்டோ நீந்தவிட்டோ, முடித்த 5 முதல் 15 நிமிஷத்துக்குள் மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். முதல் நொடியில் வெளியே தள்ளுகிற காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால், உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், மூச்சை எவ்வளவு வேகமாக ஊதித் தள்ளுகிறாள் என்று காட்டுகிற சின்னக் கருவி, விலை அதிகமில்லை. பயிற்சிக்கு முன், பின், லீவு நாளில் என்று நோட்டில் குறிக்கட்டும். அந்த நோட்டோடு நுரையீரல் டாக்டரைப் பாருங்கள்.

ஒரு சந்தேகம்: சத்தம் மூச்சை விடும்போது வருகிறதா, இழுக்கும்போதா? இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்று வந்தால் அது குரல்வளை சுருங்குவதாக இருக்கலாம். அதற்கு இன்ஹேலர் உதவாது. என்னிடம் வந்த ஒரு பையன் ஒரு வருஷம் வீணாக இன்ஹேலரை இழுத்துக்கொண்டிருந்தான்.

அம்பாசமுத்திரம் பட்டர்ஃப்ளை

நான் யுனிவர்சிட்டி வரை நீந்தியவள், வீசிங் உண்டு. மெடிக்கலில் கேட்டு இருமல் சிரப் வாங்கிக் குடிக்கவிடாதீர்கள். பலதில் டெர்பியூட்டலின் என்ற மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து இருக்கும், ஊக்கமருந்துப் பட்டியலில் அது தடை. அதே வேலை செய்கிற சால்பியூட்டமாலும் சிரப்பாகவோ மாத்திரையாகவோ கூடாது, இன்ஹேலர் வழியாக மட்டும் 24 மணி நேரத்துக்கு 1600 மைக்ரோகிராம் வரை அனுமதி, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600 தாண்டக்கூடாது. மற்றபடி பயப்பட வேண்டாம் மாமா. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கிய அமெரிக்கப் பெண் ஏமி வான் டைகனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா.

பாளையங்கோட்டை அப்பா

எல்லோருக்கும் நன்றி. நோட்டு போட்டோம். கூரைக் குளத்தில் மீட்டர் காட்டியது பயிற்சிக்கு முன் 350, பின் 280. வெளியே மைதானத்தில் ஓடிய நாளில் 350, 340. சத்தம் மூச்சை விடும்போதுதான். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நோட்டைக் காட்டியபிறகு பயிற்சியாளர் ஸ்டாமினா பேச்சை எடுக்கவில்லை. காலையில் இரண்டு பக்கக் கதவையும் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி ஓடவிட்ட பிறகே பிள்ளைகளை இறக்குகிறார்களாம். ஊருக்கே வந்துவிடு தாயி என்றேன், கேட்கவில்லை. "கதவுப் பக்கத்து லேன் எனக்குக் கொடுத்துட்டாங்கப்பா" என்கிறாள். தூதுவளைப் பொட்டலம் மட்டும் இந்த மாதமும் போயிருக்கிறது.