ஆடி மாதம் திருகோணமலையில் ஒரு நாள், எங்கே போகலாம்?

கேள்வி (வவுனியாப் பெடியன்): உப்புவெளியில் இருக்கிற சினேகிதன் வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறோம், இரண்டு சின்னப் பிள்ளைகளும் கூட. ஒரு நாள்தான் முழுதாகக் கிடைக்கும். கடல் இப்போது எப்படி?

கடற்கரையான்: இப்போதுதான் சரியான காலம் அண்ணை. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், மார்கழியில் வந்தால் கால் நனைக்கவும் யோசிக்க வேண்டும். விடியவே நிலாவெளிக்குப் போய், டிக்கெட் எடுத்து, வள்ளத்தில் புறாமலைத் தீவுக்குப் போங்கோ. கரையெல்லாம் செத்த பவளத் துண்டுகள், வெறுங்காலோடு பிள்ளைகளை இறக்கினால் கீறிவிடும், பழைய சப்பாத்து ஏதாவது போட்டுவிடுங்கோ. கண்ணாடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் போதும், கறுப்பு நுனிச் செட்டையோடு குட்டிச் சுறாக்கள் தெரியும், அதுகள் ஆட்களைக் கண்டால் ஓடிவிடும். பத்து மணிக்குப் பிறகு சனம் கூடும், வெயிலும் பொசுக்கும்.

சாம்பல்தீவு அக்கா: கன்னியா வெந்நீரூற்றை விடாதேங்கோ தம்பி. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டியதுதான். உப்புத் தண்ணீரில் குளித்த உடம்புக்கு அது தனிச் சுகம்.

கடற்கரையான்: அக்கா, இந்த வெக்கையில் வெந்நீரா! பின்னேரம் கோணேசர் கோயிலுக்குப் போகட்டும். கோயில் இருக்கிற பழைய கோட்டைக்குள் மான்கள் நிற்கும், வாழைப்பழப் பையைக் கண்டால் பின்னாலேயே வரும்.

வவுனியாப் பெடியன்: மான் என்றதும் சின்னவள் இப்பவே பையைக் கட்டுகிறாள். வெந்நீருக்கு மனுசி ஓம் என்றுவிட்டாள், எனக்குத்தான் விருப்பமில்லை.