மதுவிலக்குக் கிளைகளில் இருப்பவர்கள் வாருங்கள்: கடை வாசலிலும் வீட்டு வாசலிலும் நடந்ததைச் சொல்லுங்கள்

கோத்தகிரி பக்கத்திலிருந்து

நானே ஆரம்பிக்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது எங்கள் ஊரில் லட்டு கொடுக்காத குறைதான். மெயின் ரோட்டுக் கடையை மூடினார்கள், சரி. அந்தக் கடை எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே காலியாகக் கிடந்த கட்டடத்தை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்த பிறகுதான் பெண்கள் சேர்ந்து கிளை என்று ஒன்று வைத்தோம். அதுவரை நாங்கள் வெறும் சுய உதவிக் குழு. கடன் வாங்குவோம், கட்டுவோம்.

பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் நகராட்சி, மாநகராட்சி என்றால் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை வைக்க வேண்டும். 2003-லேயே போட்ட விதி. அளக்க வந்தவர் ரோடு வழியாக டேப் பிடித்தார். மலையில் ரோடு எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டுமா? வளைந்து வளைந்து முந்நூறைத் தாண்டியது. கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு பாட்டி கேட்டார்: “ஏன் சார், எங்க பிள்ளைங்க ஜீப்புலயா பள்ளிக்கூடம் போவுது? அந்தப் படியில இறங்கித்தான ஓடுதுங்க?” அவர் ஒன்றும் பேசாமல் படிக்கட்டில் டேப்பைப் போட்டார். நூறுக்குள் வந்துவிட்டது. கோஷம், மறியல் எல்லாவற்றையும் விட அந்த டேப்தான் எங்களுக்கு உதவியது என்பேன்.

குன்னூரிலிருந்து

நாங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்கள். 1873 கடைசியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பெண்கள் கூட்டமாகப் போய் மதுக்கடைகளில் முழங்காலிட்டு ஜெபித்ததையும், அதிலிருந்து 1874-ல் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் பிறந்ததையும், வெள்ளை ரிப்பன் அதன் அடையாளமாக இருந்ததையும் ஒரு பெண்கள் ஞாயிறன்று எங்களுக்குச் சொன்னார்கள். கேட்டதும் வேகம் வந்துவிட்டது. நாங்களும் வெள்ளை ரிப்பன் குத்திக்கொண்டு கடைக்கு எதிரே போய் நின்றோம். முழங்காலிடவில்லை, தரை முழுக்கச் சேறு.

விற்பனையாளர் தம்பி வெளியே வந்தார். திட்டுவார் என்று நினைத்தோம். “அக்கா, நான் குடிக்கிறதே இல்ல. டிகிரி படிச்சுட்டு இங்க உக்காந்திருக்கேன். இதை மூடினா எனக்கு வேற வேலை வாங்கித் தரச் சொல்லி அந்த போர்டிலயே எழுதிக்குங்க” என்றார். எங்களோடு வந்திருந்த ஒரு அக்கா நிஜமாகவே அட்டையில் அதையும் எழுதினார்! கடை இன்னும் இருக்கிறது. அந்தத் தம்பியும் இருக்கிறார்.

பந்தலூர் பக்கத்திலிருந்து

எங்கள் அனுபவம் வேறு மாதிரி. இங்கே பிரச்சினை கடை இல்லை, சந்துக்கடை. கவர்மெண்ட் கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும், இரவு 10-க்கு மூடும். விடிகாலையில் கை நடுங்குகிறவனுக்கு அது போதாதே. முதல் நாளே குவார்ட்டர்களை வாங்கி வைத்து, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கூடுதல் விலைக்கு விற்கிற வீடு ஒன்று தோட்டத் தொழிலாளர் லைனில் இருந்தது. காந்தி ஜெயந்தி போலக் கடை மூடுகிற நாட்களில் அங்கே விலை இன்னும் ஏறும். அக்டோபர் 2 அன்று நாங்கள் கிராம சபையில் உட்கார்ந்து மதுக்கடைக்கு எதிராகத் தீர்மானம் போட்டுக்கொண்டிருப்போம், அங்கே வியாபாரம் நடக்கும்.

அந்த வீடு யாருடையது என்றால் எங்கள் கிளையிலும் கடன் குழுவிலும் இருக்கிற ஒரு அக்காவுடையது. கணவர் குடித்தே போனவர். அந்த அக்காதான் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் விடச் சத்தமாகக் கோஷம் போடுகிறவர். தெரிந்தபோது பாதிப் பேர் நம்பவில்லை. நான்கைந்து பேராகப் போனோம். அவர் மறுக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “கொழுந்து எடுத்தா என்ன வரும்னு உங்களுக்குத் தெரியாதா? கடன் தவணைக்கு வாராவாரம் வந்து நிக்கிறது நீங்கதானே? என் வீட்டுக்காரரு குடிச்ச காசு போன வழியிலதான் இப்ப திரும்பி வருது.”

எங்களுக்கு வாயே வரவில்லை. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். அப்புறம் சண்டை எங்களுக்குள். கிளையிலிருந்து நீக்கணும் என்று ஒரு கட்சி. முதலில் தவணையைக் குறைக்கணும் என்று இன்னொரு கட்சி, நான் அதில். ஒருவழியாகத் தவணையைத் தள்ளிப் போட்டோம், அவரும் விற்பதை நிறுத்தினார். அடுத்த மாதமே மூன்று வீடு தள்ளி ஒரு ஆள் ஆரம்பித்துவிட்டார்.

கூடலூரிலிருந்து

ஆண்களும் எழுதலாமா? என் மனைவிதான் கிளைச் செயலாளர், நான் பல வருடம் குடித்தவன். “குளிருக்குத்தான்” என்பதுதான் இங்கே எல்லோருடைய பேச்சும். சாராயம் தோலுக்கு அடியில் ரத்தக்குழாயை விரிக்கிறது, அதனால்தான் சூடு மாதிரி தெரிகிறது, உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடுகிறது என்று நர்ஸ் அம்மா சொன்னார். நான் நம்பவில்லை. யானைக்குத்தான் பயந்தேன். கடையிலிருந்து இருட்டில் வரும்போது ரோட்டோரத்தில் நிற்பது பாறை என்று நினைத்து நடந்தேன். அது காதை ஆட்டியது.

அப்போதும் நிறுத்தவில்லை! நிறுத்தியது ஐயப்பனுக்கு மாலை போட்டபோது. எங்கள் கிளைப் பெண்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். யார் யார் மாலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றுகிற அன்று வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அன்றைக்குத்தான் முதல் குவார்ட்டர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும். தினமும் நிறையக் குடிக்கிறவரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரலாம். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

தாண்டிக்குடி பக்கத்திலிருந்து

பழனி மலையிலிருந்து சின்னதாக ஒன்று. எங்களுக்குக் காப்பி பறிக்கும் சமயத்தில்தான் தொல்லை, கையில் காசு புழங்கும். கூலியைப் பெண்கள் கையிலேயே கொடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் கேட்டோம், சிலர் சம்மதித்தார்கள். ஈரோட்டில் 1921-ல் கள்ளுக்கடை மறியல் செய்த பெரியாரின் மனைவி நாகம்மையையும் சகோதரி கண்ணம்மாளையும் பற்றிக் கூட்டத்தில் பேசுவோம். மறியலை நிறுத்துவது அந்த இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னாராம், அந்த இடத்தில் எப்போதும் கைதட்டு விழும்.

நீலகிரிக்காரர்களிடம் ஒரு கேள்வி. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022 மே மாதம் உங்கள் மாவட்டத்தில் கொண்டுவந்தார்களே, பலன் உண்டா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து

உண்டு. தேயிலைக்குள் கால் கிழிவது குறைந்தது. காட்டெருமைக்கும் நல்லதுதான். ஆனால் சின்னப் பையன்கள் பாட்டில் பொறுக்கி மதுக்கடைக்கே கொண்டுபோய் நிற்கிறார்கள். அதற்கு எதிராக இப்போது தனியாக ஒரு மனு.

பந்தலூர் அக்கா, 10581-க்கு போன் செய்தீர்களா? சந்துக்கடை புகாருக்கு அந்த எண்தானே.

பந்தலூர் பக்கத்திலிருந்து

மூன்று வீடு தள்ளி விற்ற ஆளைப் பற்றிச் செய்தோம். எங்கள் உறுப்பினர் விற்றபோது செய்யவில்லை. “ஆம்பளைன்னா போலீஸ், பொம்பளைன்னா தவணையா?” என்று அந்த ஆளுடைய மனைவி கூட்டத்துக்கே வந்து கேட்டுவிட்டார். அவரையும் கிளையில் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். தலைவி கோபத்தில் ராஜினாமா எழுதி மேஜை மேல் வைத்தார். யாரும் எடுக்கவில்லை, அவரே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குத் தேதி சொன்னார்.