புலிக்கும் உப்பு நுண்ணுயிருக்கும் என்ன ஒற்றுமை?

மகள் உயர்நிலை 3. புலியையும் ஹாலோபாக்டீரியம் என்ற உப்பு நுண்ணுயிரையும் ஒப்பிட்டு வெள்ளிக்கிழமை வகுப்பில் 2 நிமிடம் பேச வேண்டும்.

வேற்றுமை ஏராளம். புலியின் செல்லில் உட்கரு உண்டு, இதற்கு இல்லை. புலிக்குக் காடு, இதற்கு உப்பளம். பாத்தி நீரையே இளஞ்சிவப்பாக்கும் கூட்டம் இது!

ஒற்றுமையில்தான் மாட்டிக்கொண்டோம். டிஎன்ஏ, புரதம் செய்யும் ரைபோசோம் என்று எழுதினோம். "பாக்டீரியாவுக்கும் உண்டே" என்று ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். பெயரில்தான் பாக்டீரியா, உண்மையில் இது ஆர்க்கியாவாம். 1977இல் கார்ல் வோஸ் என்ற அறிவியலாளரின் குழு பாக்டீரியாவிலிருந்து பிரித்துக் காட்டிய தனி வகை நுண்ணுயிர். அதனால் பாக்டீரியாவிடம் இல்லாத ஒற்றுமை வேண்டும்.

ஜூரோங் நூலகத்தில் இரண்டு மாலை தேடினோம். டிஎன்ஏவில் உள்ள தகவலை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதி ஆர்என்ஏ பாலிமரேஸ். ஆர்க்கியாவின் இந்த நொதிக்கு அமைப்பில் பாக்டீரியாவைவிடப் புலியினுடையதற்கே நெருக்கம் என்பது வரை புரிந்தது. அந்த நொதியைச் சமையல் குறிப்பைப் படியெடுப்பவர் என்று சொல்லிப் பார்த்தேன். மகள் கொட்டாவி விட்டாள்.

இந்த ஒற்றுமையை 15 வயதுப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எந்த உவமை சரிவரும்?