கேண்டிடாவை நியூட்ரோஃபில் கொல்லவில்லை, எங்கே தப்பு?

காட்பாடி லேப்: வணக்கம். கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் பூஞ்சையையும், கிருமியை விழுங்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலையும் 1:1 அளவில் கலந்து, சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) 37 டிகிரியில் 3 மணி நேரம் வைக்கிறோம். பிறகு தட்டில் வளர்த்து எண்ணினால், பிழைத்த ஈஸ்ட்டின் காலனி குறையவே இல்லை. ரத்தம் வேலூரிலிருந்து ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில், ஐஸ் பெட்டியில் வருகிறது. சீரம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது. ஆனால் சூட்டில் கொன்ற ஈஸ்ட்டைப் போட்டால் மோனோசைட்டில் (இன்னொரு வகை வெள்ளணு) சைட்டோகைன் எனும் எச்சரிக்கைப் புரதம் எகிறுகிறது. ஏன்?

கோட்டைவாசி: சீரத்தைச் சூடாக்கியதுதான் முதல் கோளாறு தம்பி. அந்தச் சூட்டில் காம்ப்ளிமெண்ட் (கிருமியை அடையாளம் காட்டும் சீரப் புரதங்கள்) செத்துவிடும். பூஞ்சைமேல் அதன் துண்டான சி3பி ஒட்டாது, நியூட்ரோஃபில் பிடிக்கத் தடுமாறும். ஈடிடிஏ மிச்சம் இருந்தாலும் இதே கதி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடுங்கிக்கொள்ளும். ஹெப்பாரின் (உறையாமல் தடுக்கும் வேறு மருந்து) குழாய்க்கு மாறுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குப் பயந்து ஐஸில் வைக்காதீர்கள். 20–25 டிகிரி போதும், சில மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள்.

பாலாற்றங்கரை: 3 மணி நேரத்தில் ஈஸ்ட் இழையாக நீண்டுவிடும். நீண்ட இழையை ஒரு செல்லால் விழுங்க முடியாது. டிஎன்ஏ வலையை வீசித்தான் தாக்கும். ஒரு ஈஸ்ட்டுக்கு 10 நியூட்ரோஃபில் வைத்து, 1 மணி நேரத்திலும் எண்ணிப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நியூட்ரோஃபில் போடாமல் ஈஸ்ட் மட்டும் உள்ள குழி ஒன்று தட்டில் கட்டாயம். இழைகள் கொத்தாக ஒட்டினால் கொல்லாமலே காலனி குறையும்!

சூட்டில் கொன்றது எகிறுவதற்குக் காரணம் வேறு. உயிருள்ள ஈஸ்ட்டின் சுவரில் மன்னான் போர்வை, உள்ளே இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியை மறைத்திருக்கும். சூடாக்கினால் பீட்டா குளுக்கான் வெளிப்பட்டு, மோனோசைட்டின் மேலுள்ள உணரியான டெக்டின்-1 கண்ணில் படும்.

காட்பாடி லேப்: புரிந்தது சார். புது சீரத்தோடு திரும்பப் போடுகிறோம்.