ஜிரூ கோலுக்குள் போகிற மாதிரி ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை, சரி, அதனால்?

மூலைக்கொடி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், பிரான்ஸ் கால்பந்து அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த டெஷாம்ப்ஸ் பயிற்சியாளரே இல்லையாம், வெறும் அதிர்ஷ்டக்காரராம், எம்பாப்பே மாதிரி நட்சத்திர ஆட்டக்காரர் கையில் இருந்தால் யாரும் ஜெயிப்பார்களாம். படித்ததிலிருந்து எரிச்சல். 1998இல் கேப்டன், 2018இல் பயிற்சியாளர். இப்படி இரண்டு விதமாகவும் உலகக் கோப்பை வென்றவர்கள் ஜெர்மனியின் பெக்கன்பவரும் இவரும் மட்டும்தான். 2004இல் மொனாக்கோ கிளப்பை, ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குக் கொண்டுபோனாரே, அப்போது எம்பாப்பேவுக்கு ஐந்து வயது!

ஆஃப்சைடு அண்ணாச்சி:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபப்பட மாட்டேன். ஒரே கேள்வி. 2018இல் உங்கள் சென்டர் ஃபார்வர்ட், அதாவது முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டிய ஜிரூ, ஏழு ஆட்டத்திலும் இறங்கினார். கோலுக்குள் போகிற மாதிரி எத்தனை ஷாட்? பூஜ்யம்.

நள்ளிரவு ரசிகன்:
அண்ணாச்சி, அவரை நிறுத்தியதே அதற்கு இல்லை. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு டிஃபெண்டர்களைத் தோளில் தாங்கி, பந்தைத் தட்டிக் கொடுப்பார். கிடைத்த இடத்தில் கிரீஸ்மானும் எம்பாப்பேவும் ஆளுக்கு 4 கோல் அடித்தார்கள். 1998 அணியின் சென்டர் ஃபார்வர்ட் கிவார்ஷ்கூட ஒரு கோலும் அடிக்கவில்லை, அப்போதும் கோப்பை வந்தது.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
முதுகு காட்ட ஒரு செங்கல் சுவர் போதுமே. ஷாட் எத்தனை?

மூலைக்கொடி:
இறுதி ஆட்டத்தில் குரோஷியாவுக்கு 4 கோல். அதையும் சுவர்தான் அடித்ததா?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
ஒன்று குரோஷியாவின் மான்ஜுகிச் தலையால் தன் வலைக்குள்ளேயே தள்ளியது. இன்னொன்று வீடியோ பார்த்துக் கொடுத்த பெனால்டி. 2024 யூரோவிலும், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையிலும், இதே கதை. அரையிறுதி வரை வந்தது எதிரணி போட்டுக் கொடுத்த இரண்டு சொந்த கோல், ஒரு பெனால்டி, அவ்வளவுதான். பிரான்ஸின் பழைய நட்சத்திரம் கான்டோனா டெஷாம்ப்ஸைத் 'தண்ணீர் சுமப்பவர்', அதாவது மற்றவர்களுக்கு எடுபிடி வேலை செய்பவர், என்றது சும்மா இல்லை.

பழைய ஜெர்சி:
2015 முதல் 2021 வரை கோலடிக்கும் பென்சிமாவை அணிக்கு வெளியே வைத்ததைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டீர்களே?

நள்ளிரவு ரசிகன்:
ஆரம்பித்துவிட்டார். திரும்ப வந்து யூரோவில் 4 கோல் அடித்தார், ஆனாலும் சுவிட்சர்லாந்திடம் 3-1 முன்னிலையைக் கோட்டைவிட்டு வெளியேறினோம். அப்புறம் என்ன?

பழைய ஜெர்சி:
'வெளியேறினோம்'? நீங்கள் எப்போது பிரான்ஸுக்கு ஆடினீர்கள்?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
அவர் 2016 யூரோ இறுதியிலும் 'நாம்' என்றுதான் சொன்னார். கடைசி நேரத்தில் பிரான்ஸின் ஜின்யாக் அடித்தது போஸ்ட்டில் பட்டது, கூடுதல் நேரத்தில் போர்ச்சுகலின் எடர் தூரத்திலிருந்து அடித்து முடித்தார். அன்று பந்தயம் வைத்த பிரியாணி இன்னும் என் தட்டுக்கு வரவில்லை.

நள்ளிரவு ரசிகன்:
பிரியாணியை இதில் இழுக்காதீர்கள். நீங்கள் அன்று ஊரில் இல்லை.

மூலைக்கொடி:
விஷயத்துக்கு வாருங்கள். அதே ஜிரூ 2022 உலகக் கோப்பையில் 4 கோல் அடித்தார், பிரான்ஸுக்காக ஹென்றி அடித்த 51 கோல் சாதனையையும் முறியடித்தார். இறுதியில் அர்ஜென்டினாவிடம் 2-0 பின்தங்கியபோது 41ஆவது நிமிடத்திலேயே அவரைத் தூக்கிவிட்டு ஆட்டத்தை மாற்றப் பார்த்தாரே டெஷாம்ப்ஸ், அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
நான்கு வருடம் கழித்துத்தான் புரிந்திருக்கிறது. அந்தக் கோப்பையும் பெனால்டியில் போயிற்று. நான் கேட்டது 2018. ஷாட் எத்தனை?

மூலைக்கொடி:
முதல் பதிவிலேயே பூஜ்யம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்!

ஆஃப்சைடு அண்ணாச்சி:
உங்கள் வாயால் வரட்டும்.